பெருவிமானங்களும் அவற்றின் காப்பும்

ஒரு பொருளின் வடிவம், அதனைக் கொண்டு முடிக்கக் கருதிய வினைக்கு ஏற்ப அமைவதாகும். ஆழமில்லாக் கழியில் ஊரும் ஓடம் தட்டையான அடியை உடையது. அலைகடலைக் கிழித்துச் செல்லும் மரக்கலமோ ஆழ்ந்த அடியும் கூரிய முகமும் உடையது. கழியில் மரக்கலம் தரைதட்டும். கடலில் ஓடம் கவிழும். ஆதலின், இவ்விரண்டனுள் எது சிறந்தது என்று வினவுதல் பொருந்தாது; எவ்வினைக்கு எது சிறந்தது என்று வினவுதலே பொருந்தும்.

வானில் செல்லும் கலங்களும் இத்தகையனவே. நிலத்தில் நின்று அண்ணாந்து நோக்கும் நமக்கு எல்லா விமானங்களும் ஒரே சாயலாகத் தோன்றும். இரண்டு இறக்கைகள், ஒரு வால், பின்னே நீளும் வெண்கோடு ஆகிய இவ்வளவே நம் கண்ணிற் படும். அணுகி நோக்கினால், ஒன்றற்கு நான்கு எஞ்சின்கள், மற்றொன்றற்கு இரண்டே எஞ்சின்கள். ஒன்று இரண்டு மாடி உடையது, மற்றொன்று ஒரு மாடி உடையது. ஒன்று அலுமினியத்தால் ஆனது, மற்றொன்று கார்பன் இழையால் ஆனது. இவ்வேறுபாடுகள் அழகு கருதி அமைந்தவை அல்ல. ஒவ்வொன்றற்கும் ஒரு நோக்கம் உண்டு; பலவற்றின் பின்னே ஒரு துயரக் கதையும் உண்டு.

பெருவிமானம் ஏறத்தாழ 35,000 அடி உயரத்தில் பறக்கின்றது. அங்கே காற்று மிக மெலிந்தது. மனிதன் மூச்சுவிடப் போதாது. குளிரோ, நீர் உறையும் நிலைக்கும் கீழே 50 பாகைக்கு மேற்பட்டது. அத்தகைய இடத்தில் முந்நூறு, நானூறு பேர் சாய்வு நாற்காலியில் அமர்ந்து உணவுண்டும் உறங்கியும் கடல் கடந்து செல்கின்றனர். இவர்கள் எதனை நம்பி இவ்வாறு உறங்குகின்றனர்? விமானத்தின் காப்பு எதில் உள்ளது? இதனை ஈண்டு ஆராய்வோம்.

ஜெட் எஞ்சின்

காற்று நிரம்பிய ஊதற்பையின் வாயைத் திறந்து விட்டால், காற்று ஒருபுறம் சீறி வெளியேற, பை எதிர்ப்புறம் பாய்ந்தோடும். ஜெட் எஞ்சின் இயங்குவதும் இம்முறையினாலேயே. எஞ்சினின் முகப்பில் உள்ள விசிறி காற்றை உள்ளே இழுக்கின்றது. அக்காற்று பல அடுக்குச் சுழல்தகடுகளால் நெருக்கப்படுகின்றது. நெருங்கிய காற்றில் எரிபொருள் எரிய, வெப்பக் காற்று பெருவேகத்தோடு பின்னே பாய்கின்றது. பாயும்போதே அது மற்றொரு சுழல்தகட்டைச் சுழற்றி, முன்னுள்ள விசிறியையும் இயக்குகின்றது. இந்நாளைய எஞ்சின்களில், விசிறி தள்ளும் காற்றின் பெரும்பகுதி எரியும் அறைக்குள் புகாமலே புறவழியாகப் பின்னே செல்கின்றது. இதனால் எரிபொருள் குறைகின்றது, ஓசையும் தணிகின்றது.

காமெட் கற்பித்த பாடம்

பயணிகளை ஏற்றிச் செல்லும் தொழிலில் முதன்முதல் ஈடுபட்ட ஜெட் விமானம் ‘காமெட்’ என்பதாகும். இப்பெயர் வால்வெள்ளியைக் குறிக்கும். இங்கிலாந்து நாட்டு டி ஹாவிலண்டு கம்பெனியார் இதனை இயற்றினர். 1949ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 27ஆம் நாள் இது முதன்முதல் பறந்தது. 1952ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் இலண்டனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் நகருக்குப் பயணிகளோடு புறப்பட்டது. விரைந்த செலவும் அதிர்வற்ற அமைதியும் கண்டு உலகம் வியந்தது.

அவ்வியப்பு நீடிக்கவில்லை. 1954ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் நாள், ரோமாபுரியிலிருந்து புறப்பட்ட ஒரு காமெட், எல்பாத் தீவின் அருகே நடுவானில் சிதைந்து கடலில் வீழ்ந்தது. அதிலிருந்த 35 பேரும் மாண்டனர். உடனே காமெட் விமானங்கள் நிறுத்தப்பட்டன. காரணம் இவையாக இருக்கலாம் என்று கருதியவற்றையெல்லாம் திருத்தி, மார்ச்சுத் திங்களில் மீண்டும் பறக்கவிட்டனர். ஏப்ரல் 8ஆம் நாள், அதே ரோமாபுரியிலிருந்து புறப்பட்ட மற்றொரு காமெட் நேப்பிள்ஸ் நகருக்கு அருகே கடலில் வீழ்ந்தது. 21 பேர் மாண்டனர். கருதுவது வேறு, அறிவது வேறு என்பதை உலகம் அன்று பெருவிலை கொடுத்து உணர்ந்தது.

பின்னர் ஃபார்ன்பரோ என்னும் இடத்திலுள்ள ஆராய்ச்சிச் சாலையில் சர் ஆர்னால்டு ஹால் என்பவர் தலைமையில் ஓர் ஆராய்ச்சி நடைபெற்றது. முழு விமானம் ஒன்றன் உடற்கூட்டைப் பெரியதொரு தொட்டியில் அமிழ்த்தி, அதனுள்ளே நீரைச் செலுத்தி அழுத்தத்தை ஏற்றினர், பின்பு இறக்கினர். ஒருமுறை ஏற்றி இறக்குவது ஒரு பயணத்திற்கு ஒப்பாகும். இவ்வாறு இரவும் பகலும் ஆயிரக்கணக்கான ‘பயணங்கள்’ தொட்டிக்குள்ளேயே நடந்தன. முடிவில் உடற்கூடு பிளந்தது. பிளவு தொடங்கிய இடம், தகட்டில் வெட்டப்பட்ட திறப்பு ஒன்றன் மூலை.

இதன் காரணத்தை எளிதாக அறியலாம். இரும்புக் கம்பியொன்றை ஒருமுறை வளைத்தால் அஃது ஒடிவதில்லை. முன்னும் பின்னுமாகப் பன்முறை வளைத்தால், வலியக் கம்பியும் ஒடிந்துவிடும். விமானம் மேலே ஏறும்போது உள்ளேயுள்ள காற்றின் அழுத்தத்தால் உடற்கூடு சிறிது உப்புகின்றது. கீழே இறங்கும்போது சுருங்குகின்றது. நாள்தோறும் இவ்வாறு உப்பியும் சுருங்கியும் உலோகம் களைத்துப் போகின்றது. இதனை உலோகச் சோர்வு என்பர். அழுத்தம் வளைந்த ஓரத்தில் பரவி நிற்கும். மூலையிலோ குவிந்து நிற்கும். ஆதலால் மூலையில் முதலில் விரிசல் தோன்றும். ஓரிடத்தில் தோன்றிய விரிசல் தடையின்றி ஓடி உடற்கூடு முழுவதையும் பிளக்கும்.

இவ்வாராய்ச்சியின் முடிவு பொது விசாரணையில் வெளிப்படையாக எடுத்துரைக்கப்பட்டது. அதன்பின் விமானம் கட்டுவோர், சாளரங்களை வட்டம் தழுவிய வடிவில் அமைத்தனர். விரிசல் தோன்றினும் அது பரவாமல் தடுக்கும் பட்டைகளை உடற்கூட்டில் இடையிடையே வைத்தனர். ஒரு பகுதி உடைந்தாலும் அதன் சுமையை அடுத்த பகுதி தாங்கிக்கொள்ளல் வேண்டும் என்பது விதியாயிற்று. இன்று நாம் விமானத்தில் அமர்ந்து நோக்கும் சாளரத்தின் வளைந்த ஓரம், 1954இல் மாண்டவர் நமக்கு விட்டுச் சென்ற செல்வம்.

போயிங் 747

காமெட்டிற்குப் பின் பல ஜெட் விமானங்கள் தோன்றின. அவற்றுள் அளவாலும் புகழாலும் தலைசிறந்து விளங்கியது அமெரிக்க நாட்டுப் போயிங் கம்பெனியாரின் 747 ஆகும். ஜோ சட்டர் என்னும் பொறியியலறிஞர் தலைமையில் இஃது உருவாயிற்று. 1969ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் நாள் முதன்முதல் பறந்தது. 1970ஆம் ஆண்டு ஜனவரி 22ஆம் நாள் நியூயார்க்கிலிருந்து இலண்டனுக்குப் பயணிகளை ஏற்றிச் சென்றது.

இவ்விமானத்தின் முன்புறத்தில், காளையின் திமில் போன்றதொரு மேடு இருக்கின்றது. இதன் காரணம் அறியத்தக்கது. அக்காலத்தில், ஒலியினும் விரைந்து செல்லும் விமானங்களே இனிப் பயணிகளை ஏற்றிச் செல்லும் என்று அறிஞர் பலர் நம்பினர். அவ்வாறாயின் 747 சரக்கேற்றும் தொழிலுக்கே பயன்படல் வேண்டும். சரக்கை முன்புறமாக ஏற்றுவதற்கு மூக்குப் பகுதி கதவுபோலத் திறத்தல் வேண்டும். விமானி அமரும் அறை அங்கிருந்தால் இது கைகூடாது. ஆதலின் அவ்வறையை மேல்தளத்தில் ஏற்றிவைத்தனர். மேட்டின் பிறப்பு இதுவே. ஒலியினும் விரைந்து சென்ற ‘கான்கார்டு’ விமானம் 1976இல் தொழிலுக்கு வந்து 2003இல் மறைந்தது; 100 பேரையே ஏற்றிப் பெருமளவு எரிபொருளை உண்ட அது நிலைபெறவில்லை. சரக்கிற்கென்று எண்ணிய 747-ஓ அரைநூற்றாண்டு பயணிகளைச் சுமந்தது. 2023ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள் இறுதி விமானம் ஒப்படைக்கப்பட்டபோது, கட்டப்பட்டவற்றின் தொகை 1,574. அந்த இறுதி விமானம் சரக்கு விமானமே என்பது நினைக்கத்தக்கது.

இனி இதன் காப்பை நோக்குவோம். இவ்விமானத்திற்கு நான்கு எஞ்சின்கள். உடலைத் தாங்க நான்கு பெருங்கால்கள். முன்காலுடன் சேர்த்து 18 சக்கரங்கள். இதன் இறக்கையிலும் வாலிலும் உள்ள அசையும் பலகைகள் மிகப் பெரியவை. விமானியின் கைவலிமை அவற்றைத் திருப்பப் போதாது. குழாய்களில் அடைபட்ட எண்ணெயின் அழுத்தமே அவற்றைத் திருப்புகின்றது. அத்தகைய எண்ணெய் அமைப்புகளும் நான்கு. ஒன்று பழுதுற்றாலும் எஞ்சிய மூன்று உள என்பது கருத்து.

ஒன்றன்மேல் மட்டும் உயிரை வைத்தல் ஆகாது என்னும் இக்கொள்கை மிகச் சிறந்ததே. ஆயினும் எண்ணிக்கை ஒன்றே காப்பாகிவிடுமா? இதற்கு விடை கூறும் நிகழ்ச்சிகள் இரண்டு உள.

நான்கும் ஒருங்கே பழுதுற்ற வரலாறு

1982ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள் இரவு, 263 பேருடன் ஒரு 747 விமானம் ஜாவாத் தீவின் அருகே பறந்துகொண்டிருந்தது. அங்கே கலுங்குங் என்னும் எரிமலை கக்கிய சாம்பல் வானில் பரவியிருந்தது. அஃது இருளில் விமானிகளுக்குப் புலப்படவில்லை. சாம்பல் எஞ்சின்களுட் புகுந்தது. ஒன்றன்பின் ஒன்றாக நான்கு எஞ்சின்களும் அவிந்தன. விமானம் பருந்து போல் மிதந்து கீழே இறங்கலாயிற்று. விமானிகள் மனந்தளராது எஞ்சின்களை இயக்கும் முயற்சியை மீண்டும் மீண்டும் செய்தனர். சாம்பல் படலத்தினின்றும் கீழே வந்தபின் எஞ்சின்கள் உயிர்பெற்றன. முன்கண்ணாடி தேய்ந்து மங்கியிருந்த நிலையிலும் விமானம் ஜகார்த்தாவில் நலமே இறங்கியது. ஓர் உயிரும் சேதமுறவில்லை. எனினும், நான்கு எஞ்சின்களும் ஒரே காற்றையே உண்கின்றன. அக்காற்றில் நஞ்சிருப்பின் நான்கும் ஒருங்கே மயங்கும் என்பது அன்று விளங்கிற்று. எரிமலைச் சாம்பல் எங்கே மிதக்கின்றது என்று ஆராய்ந்து விமானிகளுக்கு முன்னரே அறிவிக்கும் நிலையங்கள் பின்னர் உலகெங்கும் அமைந்தன.

இரண்டாவது நிகழ்ச்சி துயரமானது. 1985ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள், டோக்கியோவிலிருந்து ஒசாகாவுக்குச் சென்ற ஜப்பான் ஏர்லைன்ஸ் கம்பெனியின் 747 விமானம் ஒன்று மலையில் மோதி வீழ்ந்தது. 520 பேர் மாண்டனர். நால்வரே உயிர் தப்பினர். தனியொரு விமானத்தால் நேர்ந்த விபத்துகளுள் இதனினும் பெரிய உயிர்ச்சேதம் வேறில்லை.

இதன் காரணம் ஏழாண்டுகளுக்கு முன்னரே விதைக்கப்பட்டிருந்தது. 1978இல் அவ்விமானம் இறங்கும்போது அதன் வால் தரையில் உராய்ந்தது. உடற்கூட்டின் பின்முனையில் காற்றழுத்தத்தைத் தாங்கி நிற்கும் தடுப்புச் சுவர் பழுதுபார்க்கப்பட்டது. அங்கே இரண்டு வரிசை ரிவெட்டு ஆணிகள் சுமையைத் தாங்கல் வேண்டும். பழுது பார்த்தோர் செய்த தவற்றால் ஒரு வரிசையே தாங்கிற்று. வெளியே நோக்குவார்க்கு வேலை முடிந்ததாகவே தோன்றியது. விமானமும் ஏழாண்டுகள் பறந்தது. உலோகம் நாளும் சோர்ந்து, ஒருநாள் சுவர் உடைந்தது. உள்ளிருந்த காற்று சீறிப் பாய்ந்து வாலின் பெரும்பகுதியைப் பெயர்த்தெறிந்தது. எண்ணெய் அமைப்புகள் நான்கன் குழாய்களும் வாலின் அருகே ஒருங்கே சென்றமையால் நான்கும் அறுந்தன. எண்ணெய் முழுவதும் வழிந்தோடிற்று. அதன்பின் விமானத்தைத் திருப்ப வழியில்லை. எஞ்சின்களின் விசையை மட்டும் கூட்டியும் குறைத்தும் விமானிகள் அரைமணி நேரம் போராடினர், இயலவில்லை.

தேரை இழுக்க நான்கு வடங்கள் பூட்டுகின்றோம் என்று கொள்வோம். ஒரு வடம் அறுந்தால் எஞ்சிய மூன்றும் தாங்கும். ஆனால் நான்கு வடங்களையும் ஒரே முளையிற் கட்டியிருந்தால், அம்முளை பெயர்ந்தவுடன் நான்கும் வீழும். பார்வைக்கு நான்கு, உண்மையில் ஒன்று. எண்ணிக்கை பெருகினால் மட்டும் போதாது. ஒன்று கெடும் வழியிலேயே மற்றவையும் கெடாதவாறு அவை பிரிந்து நிற்றல் வேண்டும். இவ்விபத்திற்குப் பின் 747 விமானங்களில், எண்ணெய் வழிந்தோடத் தொடங்கினால் குழாயை மூடிவிடும் அடைப்பு சேர்க்கப்பட்டது.

ஏர்பஸ் ஏ380

ஐரோப்பிய நாட்டினர் கூடி இயற்றிய ஏர்பஸ் ஏ380 விமானத்தில் இப்பாடம் பதிந்திருப்பதைக் காணலாம். 2005ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் இது முதன்முதல் பறந்தது. 2007ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள் சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்குப் பயணிகளோடு சென்றது. பயணிகள் விமானங்களுள் இதனினும் பெரியது பிறிதில்லை. முன்முனை முதல் பின்முனை வரை இரண்டு முழு மாடிகள் உண்டு. இறக்கைகளின் அகலம் ஏறத்தாழ 80 மீட்டர். சில வகைகள் புறப்படும்போது 575 டன் எடை கொண்டிருக்கலாம்.

இதன் நோக்கம் யாது? இலண்டன் போன்ற மாநகரங்களின் விமானநிலையங்களில் இடநெருக்கடி மிகுதி. புதிய ஓடுபாதை அமைப்பது அரிது. ஆதலின் இரண்டு விமானங்கள் ஏற்றும் மக்களை ஒரே விமானத்தில் ஏற்றினால் நெருக்கடி தீரும் என்று கருதினர்.

இதனை 747 உடன் ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு விளங்கும். 747இல் அசையும் பலகைகளைத் திருப்ப எண்ணெய் அமைப்புகள் நான்கு. ஏ380இல் எண்ணெய் அமைப்புகள் இரண்டே. அவற்றிற்குத் துணையாக மின்சாரத்தால் இயங்கும் அமைப்புகள் இரண்டு உள. தொகை நான்கே, ஆயினும் இனம் வேறு. எண்ணெய் முழுவதும் வழிந்தாலும் மின்சாரம் கைகொடுக்கும். எண்ணிக்கையோடு வேற்றுமையையும் சேர்த்தமை இதன் சிறப்பு.

இதன் உறுதி 2010ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் சோதிக்கப்பட்டது. சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்குப் புறப்பட்ட காண்டாஸ் கம்பெனியின் ஏ380 விமானத்தில் 469 பேர் இருந்தனர். புறப்பட்ட சில நிமிடங்களில் ஓர் எஞ்சினின் சுழல்தட்டு உடைந்து, அதன் துண்டுகள் பீரங்கிக் குண்டுகள்போல் இறக்கையைத் துளைத்தன. நூற்றுக்கணக்கான மின்கம்பிகள் அறுந்தன. எண்ணெய் அமைப்பு ஒன்று செயலிழந்தது. எஞ்சினுள் எண்ணெய் செல்லும் சிறு குழாய் ஒன்றன் சுவர், செய்யும்போதே ஒருபுறம் மெலிந்துபோனதே இதன் காரணம் எனப் பின்னர்க் கண்டனர். அன்று விமானி அறையில் ஐவர் இருந்தனர். கணிப்பொறி அடுக்கடுக்காகக் காட்டிய பழுதுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, எது கெட்டது என்பதோடு எது கெடாமல் எஞ்சியது என்பதையும் கணக்கிட்டு, ஏறத்தாழ இரண்டு மணி நேரத்திற்குப் பின் சிங்கப்பூரில் இறங்கினர். ஒருவருக்கும் காயமில்லை.

இவ்வளவு உறுதி வாய்ந்த விமானமும் வாணிகத்தில் நிலைக்கவில்லை. 251 விமானங்களுடன் 2021ஆம் ஆண்டில் இதன் உற்பத்தி முடிந்தது. இதனை வென்றவை இரண்டு எஞ்சின் விமானங்கள்.

இரண்டு எஞ்சின் விமானங்கள்

நான்கினும் இரண்டு எங்ஙனம் மேலாகும் என்று ஐயுறலாம். எஞ்சின் நான்காயின் பழுதுபடும் இடமும் நான்காகும். எரிபொருட் செலவும் பராமரிப்பும் மிகும். பழைய எஞ்சின்கள் அடிக்கடி பழுதுற்றமையின், இரண்டு எஞ்சின் விமானம் ஒரு மணி நேரத்தில் எட்டக்கூடிய விமானநிலையத்தை விட்டு விலகிச் செல்லலாகாது என்ற விதி முன்னாளில் இருந்தது. எஞ்சின்களின் உறுதி வளர வளர விதியும் தளர்ந்தது. 1985இல் இரண்டு மணி நேர எல்லை இசைவு பெற்றது; பின்னர் மூன்று மணி நேரமும் அதற்கு மேலும் ஆயிற்று. ஆயினும் இவ்விசைவு எளிதிற் கிட்டுவதன்று. ஓர் எஞ்சின் நின்றாலும் எஞ்சிய ஒன்றே விமானத்தை மேலே உயர்த்தவும் நெடுந்தொலைவு கொண்டு செல்லவும் வல்லதாதல் வேண்டும்.

1995ஆம் ஆண்டு தொழிலுக்கு வந்த போயிங் 777 இவ்வகையிற் சிறந்தது. இதன் ஒரு வகையில் எஞ்சினின் விசிறி மூன்று மீட்டருக்கு மேற்பட்ட குறுக்களவு உடையது; அதன் வாயில் ஆள் நிமிர்ந்து நிற்கலாம். தொழிலுக்கு வருமுன், இதன் இறக்கைகளை ஆராய்ச்சிச் சாலையில் மேல்நோக்கி வளைத்துச் சோதித்தனர். வாழ்நாளில் காணக்கூடிய மிகப் பெருஞ்சுமையினும் ஒன்றரை மடங்கு தாங்குதல் வேண்டும் என்பது விதி. நூற்றுக்கு 154 என்னும் அளவிலேயே அவை ஒடிந்தன. தரையில் ஒடித்துப் பார்ப்பது வானில் ஒடியாமல் காப்பதற்கே.

இவற்றின் பின் வந்தவை போயிங் 787, ஏர்பஸ் ஏ350 என்பன. முன்னது 2011ஆம் ஆண்டும் பின்னது 2015ஆம் ஆண்டும் தொழிலுக்கு வந்தன. இவற்றின் எடையில் ஏறத்தாழ பாதி, கார்பன் இழையைப் பசையோடு சேர்த்து இறுக்கிய பொருளால் ஆனது. அது துருவேறாது, உலோகம்போல எளிதிற் சோர்வதுமில்லை. ஆதலின் உள்ளே காற்றழுத்தத்தைச் சற்று மிகுதியாக வைக்க முடிகின்றது. மற்ற விமானங்களில் 8,000 அடி உயர மலைமேல் இருப்பதுபோன்ற நிலை என்றால், இவற்றில் 6,000 அடி உயரத்தில் இருப்பதுபோன்ற நிலை. இவற்றின் நோக்கமும் ஏ380இன் நோக்கத்திற்கு மாறானது. மக்களை ஒரு மாநகரில் கூட்டி அங்கிருந்து பிரித்தனுப்பாமல், ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு நேரே கொண்டு செல்வதே அது.

மறந்தால் வருவது

கற்ற பாடத்தை மறந்தால் என்ன நேரும் என்பதற்குப் போயிங் 737 மேக்ஸ் சான்றாயிற்று. அளவிற் சிறிய இவ்விமானத்தில், மூக்கு மிக நிமிர்ந்தால் அதனைத் தானே தாழ்த்தும் ஓர் அமைப்பு சேர்க்கப்பட்டது. காற்றை எக்கோணத்தில் எதிர்கொள்கின்றது என்று காட்டும் உணர்கருவிகள் விமானத்தின் இருபுறமும் இருந்தன. இருப்பினும், அவ்வமைப்பு ஒரு பயணத்தில் ஒன்றன் சொல்லையே கேட்டு நடந்தது. அவ்வொன்று பிழையாகக் கூற, 2018ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் இந்தோனேசியாவிலும், 2019ஆம் ஆண்டு மார்ச்சு 10ஆம் நாள் எத்தியோப்பியாவிலும் இரண்டு விமானங்கள் வீழ்ந்தன. 346 பேர் மாண்டனர். முதல் விபத்திற்கு முன் அப்படியோர் அமைப்பு உண்டு என்பதே விமானிகளின் கையேட்டில் கூறப்படவில்லை. உலகெங்கும் இவ்வகை விமானங்கள் நிறுத்தப்பட்டன. இரண்டு உணர்கருவிகளும் ஒத்துக் கூறினாலன்றி அவ்வமைப்பு செயற்படாதவாறு திருத்திய பின்னரே, 2020ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்க அரசு மீண்டும் பறக்க இசைந்தது.

நம் நாட்டிலும் ஒரு பெருந்துயர் நேர்ந்தது. 2025ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள் அகமதாபாத்திலிருந்து இலண்டனுக்குப் புறப்பட்ட ஏர் இந்தியாவின் 787 விமானம் சில நொடிகளில் வீழ்ந்தது. தரையில் இருந்தோரும் சேர்ந்து 260 பேர் மாண்டனர். பயணிகளுள் ஒருவரே உயிர் தப்பினார். இரண்டு எஞ்சின்களுக்கும் எரிபொருள் விடும் விசைகள் ஒரு நொடி இடைவெளியில் அடுத்தடுத்து மூடிய நிலைக்குச் சென்றன என்று, அடுத்த திங்களில் வெளிவந்த முதற்கட்ட அறிக்கை கூறியது. எஞ்சின் இரண்டாயினும், இரண்டும் ஒருங்கே விசையிழந்தால் இரண்டும் இல்லாதவையே ஆகும்.

மனிதர் என்னும் காப்பு

இதுகாறும் பொறிகளைப் பற்றிக் கண்டோம். இறுதிக் காப்பு மனிதரே ஆவர். பெருவிமானம் ஒன்று தொழிலுக்கு வருமுன், பாதி வாயில்களை அடைத்துவிட்டு, இருளில், 90 நொடிகளுக்குள் எல்லோரும் வெளியேறக்கூடும் என்று காட்டுதல் வேண்டும். ஏ380 விமானத்திலிருந்து 2006இல் 873 பேர் 78 நொடிகளில் வெளியேறிக் காட்டினர்.

2024ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் நாள், டோக்கியோவின் ஹனேடா விமானநிலையத்தில் இறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் ஏ350 விமானம், ஓடுபாதையில் நின்ற கடலோரக் காவற்படையின் சிறு விமானத்தின்மேல் மோதித் தீப்பற்றியது. சிறு விமானத்திலிருந்த அறுவரில் ஐவர் மாண்டனர். பெருவிமானத்திலோ 379 பேர். அறிவிப்புக் கருவி செயலிழந்தது. எட்டு வாயில்களுள் மூன்றே பயன்படும் நிலையில் இருந்தன. பணிப்பெண்கள் ஒலிபெருக்கிக் குழலாலும் தம் குரலாலும் வழிகாட்டினர். எவ்வாயிலுக்கு வெளியே தீ இல்லை என்று நோக்கியறிந்து அவ்வாயிலையே திறந்தனர். பயணிகள் பெரும்பாலும் தம் உடைமைகளை விட்டுவிட்டு ஒழுங்காக இறங்கினர். தலைமை விமானி எல்லோரும் இறங்கியபின் இறுதியில் இறங்கினார். 379 பேரும் உயிர் பிழைத்தனர், விமானம் சாம்பலாயிற்று.

1985இல் 520 உயிர்களை இழந்ததும் இதே நிறுவனமே என்பது நினைக்கத்தக்கது. அவ்விபத்தில் உடைந்த தடுப்புச் சுவரை அந்நிறுவனத்தார் புதைத்து மறைக்கவில்லை. ஹனேடாவில் ஒரு காட்சிச்சாலை அமைத்து, அதனுள் அச்சுவரை வைத்துள்ளனர். அங்குப் பணிபுரிவோர் அதன்முன் நின்று தம் தொழிலின் பொறுப்பை உணர்கின்றனர்.

மாணவர்களே! பெருவிமானங்களுள் எது சிறந்தது என்னும் வினாவிற்கு இப்போது விடை கூறலாம். சரக்கேற்ற 747-உம், நெருக்கடி தீர்க்க ஏ380-உம், ஊர்களை நேரே இணைக்க 787-உம் ஏ350-உம் தத்தம் நோக்கத்திற் சிறந்தவை. காப்போ, எஞ்சின்களின் எண்ணிக்கையிலும் உடலின் பருமையிலும் மட்டும் இல்லை. எந்த ஒன்றையும் தனியே நம்பாமை, துணையாக நிற்பவை ஒருங்கே கெடாதவாறு பிரித்து வைத்தல், நேர்ந்த பிழையை மறைக்காது ஆராய்ந்து உலகறியச் செய்தல் ஆகிய இம்மூன்றிலுமே காப்பு உள்ளது. ஒரு வரிசை ஆணி குறைந்தபோது கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஏழாண்டுகள் கழித்து 520 பேரின் குடும்பங்கள் அழுதன. நாளை நீங்கள் பொறிகளை இயக்குவோராகலாம்; பாலம் கட்டுவோராகலாம்; மருந்து கலப்போராகலாம். எத்தொழிலாயினும், பிறர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நீங்கள் அடிக்கும் ஆணியும் முழுமையாக இருத்தல் வேண்டும். அதனை நம்பியே ஒருவர் உறங்கிக்கொண்டிருப்பார்.